காசு தொட்டா தீட்டு, பேராண்டி!

ஏய்யா பேராண்டி, காசு மட்டும் வாங்கிராத. கபடிக் களத்துல எவன் தொடையை வேணும்னாலும் பிடி, கணுக்காலை வேணும்னாலும் பிடி. காசைத் தொட்டுறாத. தொட்டா விளையாட்டோட புனிதம் போயிரும். நான் சொல்லலப்பா, உங்க காலேஜ் ஆண்டு விழாவுல செயலாளரே மைக்கைப் பிடிச்சு முக்கா மணி நேரம் சொன்னாரு. சொல்லி முடிச்சுட்டுப் புதுக் காருல ஏறிப் போனாரு. காரு ரொம்ப நல்லா இருந்துச்சு.

சின்னமனூர்ல செல்போன் கடை திறக்கிறவரு உன்னை ரிப்பன் வெட்டக் கூப்பிட்டாராம். ஐயாயிரம் ரூபா தர்றேன்னாராம். நீ ரெய்டு போற ரீலை இன்ஸ்டாவுல ஊரு உலகமே பார்த்துருச்சாம். உங்க பி.டி. வாத்தியாரு கூடவே கூடாதுன்னுட்டாராம். நீ மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு அப்பத்தாகிட்டச் சொல்ல, அவ எங்கிட்டச் சொல்ல, இந்தா, கொடிக்குக் கவாத்து பண்ண வேண்டிய நேரத்துல உனக்குப் புத்தி சொல்லிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்.

வாத்தியாரு சொன்னது நியாயந்தான். கடைக்காரருக்கு உன் மூஞ்சியக் குடுத்தா அது வியாபாரம். அதே மூஞ்சிய ஆளுயரத்துக்குக் காலேஜ் பஸ்சுக்குப் பின்னாடி ஒட்டி, கீழ ‘அட்மிஷன் நடைபெறுகிறது’ன்னு எழுதி, கூடலூருக்கும் தேனிக்கும் நாளெல்லாம் ஓட்டுனா அது கல்விச் சேவை. இந்த வித்தியாசம் உனக்கு விளங்கலைன்னா இன்னும் படிக்கணும்னு அர்த்தம். அதுக்குத்தான் ஃப்ரீ சீட்டு குடுத்திருக்காக.

ஃப்ரீ சீட்டை நான் குறை சொல்லலய்யா. உங்க அப்பன் பன்னீர் திராட்சைக்கு மருந்தடிச்சு மிச்சம் பிடிச்ச காசுல உன்னை அந்தக் காலேஜ் கேட்டுக்குள்ள விட்டிருக்க முடியாது. ஹாஸ்டல் இருக்கு, மெஸ்ஸுல முட்டை இருக்கு, முதுகுல காலேஜ் பேரும் நெஞ்சுல ஸ்பான்சர் பேரும் போட்ட ஜெர்சி இருக்கு. உன் பேரு மட்டும் எங்கயும் இல்ல. தேடிப் பார்த்தேன், காலர் பட்டிக்கு உள்பக்கம் துவைக்கிறவருக்கு அடையாளத்துக்குன்னு நீயே மார்க்கர்ல எழுதி வச்சிருக்க.

நம்ம பக்கத்து மாட்டு வண்டிப் பந்தயத்தைப் பாரு. தேன்சிட்டு, பூஞ்சிட்டு, தட்டான்சிட்டு, கரிச்சான், நடுமாடு, பெரியமாடுன்னு வகை பிரிச்சு ஓட்டுறோம். பரிசுப் பணம் ஓனருக்கு. ஓட்டுனவனுக்கு ஒரு பங்கு. கொடி அசைச்சவருக்குச் சால்வை. நாக்குத் தள்ள ஓடுன மாட்டுக்குப் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும். எந்த மாடும் இதுவரைக்கும் கணக்குக் கேட்டதில்ல. ஆனா ஒண்ணு, மாட்டுக்கு அரியர் பேப்பர் கிடையாது. அந்த வகையில அது உன்னைவிடக் குடுத்து வச்சது.

இந்தப் புனிதத்தைக் கண்டுபிடிச்சது நாம இல்ல, வெள்ளைக்காரன். இங்கிலாந்துல தேம்ஸ் ஆத்துல ஹென்லின்னு ஒரு படகுப் போட்டி. 1879ல அமெச்சூர்னா யாருன்னு சட்டம் எழுதுனாக. காசுக்குப் படகு ஓட்டுனவன் கூடாதுன்னாக, சரி. அதோட விட்டாகளா? மெக்கானிக், கைத்தொழில்காரன், கூலிக்காரன் எவனும் அமெச்சூர் இல்லைன்னாக. ஒத்தக் காசு வாங்காம ஓட்டுனாலும் சரி, கையால உழைச்சுச் சாப்பிடுறவன் துடுப்பைத் தொடக்கூடாது. விளையாட்டுன்னா சோத்துக்குக் கவலை இல்லாத துரைமாருக்கு மட்டும். டீக்கடையில ரெட்டைக் கிளாஸ் வச்சிருந்த நாட்டுல பிறந்த எனக்கு இதைப் படிச்சதும் ஏதோ சொந்தக்காரன் வீட்டுக் கதை மாதிரியே இருந்துச்சு.

அந்தத் தீட்டு அப்புறம் ஒலிம்பிக்ஸ் வரைக்கும் போச்சு. ஜிம் தோர்ப்னு ஒருத்தன். அமெரிக்கப் பூர்வகுடி, கார்லைல்னு பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான பள்ளியில படிச்சவன். 1912ல ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்ஸ்ல பென்டத்லான், டெக்கத்லான் ரெண்டுலயும் தங்கம். மறு வருஷமே ரெண்டையும் பிடுங்கிட்டாக. என்ன குத்தம்? 1909லயும் 1910லயும் கோடை லீவுல சின்ன ஊரு அணிக்குக் கொஞ்சக் காசு வாங்கிக்கிட்டு பேஸ்பால் ஆடியிருக்கான். அதே வேலையை எத்தனையோ காலேஜ் பசங்க செஞ்சாக, பொய்ப் பேருல. இவன் வெள்ளந்தியா சொந்தப் பேருலயே ஆடிட்டான், மாட்டிக்கிட்டான். 1953ல செத்துப் போனான். மெடலோட நகலைப் பிள்ளைகள் கையில குடுத்தது 1983ல. ரெண்டு போட்டியிலயும் அவன் ஒருத்தன்தான் ஜெயிச்சவன்னு முழுசா ஒத்துக்கிட்டது 2022ல. செத்து 69 வருஷம் கழிச்சு மனுசன் சுத்தமாயிட்டான்.

சிரிக்காத. போன சித்திரையில பக்கத்து ஊரு டோர்னமென்ட்டுல நீ எந்தப் பேருல ஆடுனன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? கெஸ்ட் பிளேயராப் போயிட்டு வந்தவன் பையில ரெண்டாயிரம் இருந்துச்சு, முழங்கையில சிராய்ப்பு இருந்துச்சு. உங்க அப்பத்தா சிராய்ப்பைப் பார்த்தா. நான் ரெண்டாயிரத்தைப் பார்த்தேன். சொந்தப் பேருல வாங்குனா பாவம், அடுத்தவன் பேருல வாங்குனா பழக்கம். நூறு வருஷமா இதான்யா சட்டம்.

நம்ம ஆளு ஒருத்தரைச் சொல்றேன். டென்னிஸ் ராமநாதன் கிருஷ்ணன். 1951ல சின்னப் பையன். காலேஜ் பசங்க மட்டும் ஆடுற பெர்ட்ரம் போட்டியில லயோலா பிரின்சிபால்கிட்டத் தனி அனுமதி வாங்கி இறங்கி, எல்லாத்தையும் அடிச்சுக் கோப்பையத் தூக்கிட்டாரு. 1954ல விம்பிள்டன் ஜூனியர் பட்டம், ஆசியாவுல இருந்து அதுதான் முதல். 1959ல டேவிஸ் கோப்பையில ராட் லேவரையே சாய்ச்சாரு. அந்தச் சமயத்துல ஜாக் கிரேமர்னு ஒரு அமெரிக்கக்காரர் வந்து, மூணு வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் டாலர், என்கூட வந்து காசுக்கு ஆடுன்னாரு. அன்னிக்கு டாலர் நாலே முக்கா ரூபா. கணக்குப் போடு, ஏழு லட்சத்துக்கு மேல. அந்தக் காசுக்குக் கம்பத்துல பாதி வயக்காட்டை வளைச்சுப் போட்டிருக்கலாம்.

மனுசன் வேண்டாம்னுட்டாரு. வாங்கியிருந்தா விம்பிள்டன் கதவு சாத்திக்கிரும், நாட்டுக்காக டேவிஸ் கோப்பை ஆட முடியாது. 1960லயும் 61லயும் விம்பிள்டன் அரையிறுதி வரைக்கும் போனாரு. 1966ல இந்தியாவை டேவிஸ் கோப்பை இறுதிக்கே கூட்டிட்டுப் போனாரு. அவரு முடிவை நான் கேலி பண்ண மாட்டேன், அது பெரிய மனசு. என் சண்டை கதவோடதான். 1968ல அதே விம்பிள்டன் கதவைத் திறந்து விட்டு, காசுக்கு ஆடுறவனும் வரலாம்னுச்சு. அந்த வருஷம் ஜெயிச்ச லேவருக்கு 2,000 பவுண்டு பரிசு. புல்லு வாடல, வானம் இடிஞ்சு விழல. நம்ம கிருஷ்ணன் பிற்பாடு மெட்ராஸ்ல கேஸ் ஏஜென்சி நடத்துனாரு.

இப்ப அமெரிக்காவுக்கு வா. அங்க காலேஜ் விளையாட்டை நடத்துறது என்.சி.ஏ.ஏ.ன்னு ஒரு சங்கம், 1906ல ஆரம்பிச்சது. நம்ம காலேஜ் கபடி மாதிரி வேப்ப மரத்தடியில இருபது பேரு பார்க்கிற ஆட்டம்னு நினைச்சுறாத. மார்ச் மாசம் நடக்கிற கூடைப்பந்துப் போட்டிய டி.வி.யில காட்டுறதுக்கு மட்டும் 2010ல 14 வருஷத்துக்கு 1,080 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டாக. பல மாநிலத்துல அரசாங்கச் சம்பளம் வாங்குறவுகள்லயே அதிகம் வாங்குறது கவர்னர் இல்ல, காலேஜ் கோச்சு. ஆடுற பையனுக்கு? ஃப்ரீ சீட்டு, ஹாஸ்டல், மெஸ்.

அந்த மெஸ்ஸைப் பத்திச் சொல்லியே ஆகணும். சாப்பாட்டு நேரம் போக நொறுக்குத் தீனியா என்ன குடுக்கலாம்னு அந்தச் சங்கம் ரூல் போட்டுச்சு. பழம் குடுக்கலாம், பருப்புக் கொட்டை குடுக்கலாம், பேகல்னு வளையம் மாதிரி ஒரு பன்னு, அதுவும் குடுக்கலாம். ஆனா பன்னுமேல க்ரீம் சீஸ் தடவக்கூடாது. தடவுனா அது சலுகை, புனிதம் கெட்டுரும். கோட்டு சூட்டுப் போட்டவுக வட்ட மேசையில உட்கார்ந்து இதை எழுதியிருக்காக பாரு. 2014ல ஷபாஸ் நேப்பியர்னு ஒரு பையன், கனெக்டிகட் காலேஜுக்குச் சாம்பியன் பட்டமே வாங்கிக் குடுத்தவன், சில ராத்திரி பசியோட படுக்கிறேன்னு நிருபருகிட்டச் சொல்லிட்டான். அவன் மூஞ்சி டி.வி. பூராவும் ஓடுது, வயிறு காயுது. மானம் போச்சேன்னு அதே மாசம் ரூலை மாத்தி, பசங்களுக்கு வேணுங்கிற அளவு சாப்பாடு போடலாம்னு இறங்கி வந்தாக.

எட் ஓபானன்னு இன்னொருத்தரு. 1995ல யு.சி.எல்.ஏ. காலேஜ் கோப்பையத் தூக்குனப்ப நட்சத்திர ஆட்டக்காரர். வருஷம் பல ஓடிப் போயி, கூட்டாளி வீட்டுக்குப் போனா அங்க பிள்ளைக வீடியோ கேம் ஆடுதுக. கேமுக்குள்ள இவரே ஓடுறாரு! அதே நிறம், அதே 31ஆம் நம்பர், அதே இடது கை. பேரு மட்டும் இல்ல. கேம் வித்த காசுல இவருக்குப் பைசா இல்ல. 2009ல கோர்ட்டுக்குப் போனாரு, 2014ல ஜெயிச்சாரு. அதுக்கப்புறம் கலிஃபோர்னியா 2019ல தனிச் சட்டம் போட்டுச்சு. 2021 ஜூன்ல ஆல்ஸ்டன் வழக்குல அவுக சுப்ரீம் கோர்ட்டுல ஒன்பது நீதிபதியும் ஒருமிச்சு சங்கத்துக்கு எதிராத் தீர்ப்பு எழுதுனாக. மறு மாசமே, தன் பேரு, தன் மூஞ்சி, தன் சாயலை வச்சுப் பையன் சம்பாதிக்கலாம்னு சங்கம் விட்டுக் குடுத்துச்சு. நூறு வருஷத்துக்கு மேல கட்டிக் காத்த புனிதம் பத்தே நாள்ல பறந்துருச்சு. 2025 ஜூன்ல இன்னொரு வழக்கு சமரசமாச்சு. பழைய பாக்கியா ஏறக்குறைய 280 கோடி டாலர், அதோட ஒவ்வொரு காலேஜும் வருஷத்துக்கு ஏறக்குறைய 2 கோடி டாலர் வரைக்கும் பசங்களுக்கு நேராவே பங்கு குடுக்கலாம்.

சரி, நாமளும் அங்க போயிருவோம்னு பெட்டியக் கட்டாத. வெளிநாட்டுல இருந்து மாணவர் விசாவுல போற பிள்ளைக்கு அங்க காலேஜுக்கு வெளிய சம்பாதிக்க ஏகப்பட்ட தடை. டெல்லித் தமிழ்ப் பையன் தேஜஸ்வின் சங்கர் கன்சாஸ் ஸ்டேட் காலேஜுக்காக உயரம் தாண்டி 2018லயும் 2022லயும் என்.சி.ஏ.ஏ. சாம்பியனே ஆனவன். அவனை மாதிரிப் போற பிள்ளைக்கு, தாண்டுற கம்பியவிட விசா கம்பி உசரம்.

நம்ம நாட்டுக்காரன் இதுல கெட்டிக்காரன். காசு குடுத்தாத்தான தீட்டு, வேலை குடுப்போம்னான். மே மாசம் பெரியகுளத்துல நடக்கிற அகில இந்தியக் கூடைப்பந்துக்கு உங்க தாத்தன் எத்தனை கோடை சைக்கிள்ல போயிருப்பான் தெரியுமா? பேங்க் டீமு, ரயில்வே டீமு, ராணுவ டீமு, கஸ்டம்ஸ் டீமு. ராத்திரி விளக்கு வெளிச்சத்துல அவுக குதிக்கிறதைப் பார்த்துட்டு, இந்த மனுசன் காலையில எந்தக் கவுண்டர்ல உட்கார்ந்து செக் பாஸ் பண்ணுவாருன்னு யோசிப்பேன். கவுண்டர்ல அவரு இருக்க மாட்டாரு, பிராக்டிஸ்ல இருப்பாரு. பேரு அமெச்சூர். ஆனா மாசம் ஒண்ணாம் தேதி சம்பளம், வருஷம் ஒரு இன்கிரிமென்ட், முழங்கால் போனாலும் பென்சன். இதைவிட நாணயமான ஏமாத்து உலகத்துல எங்கயும் இல்ல. நம்ம பக்கத்துப் பிள்ளைகளோட எத்தனையோ குடும்பத்தை அது கரையேத்தியிருக்கு. ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு மனுப் போடுறதை விட்டுறாத.

உன் ஆட்டத்துக்கே வா. நாட்டுக்குக் கபடி நடத்துற சங்கத்தோட பேரு இன்னிக்கும் அமெச்சூர் கபடி ஃபெடரேஷன்தான். அவுக ஆசீர்வாதத்துல 2014ல புரோ கபடி ஆரம்பிச்சு, ஆளுகளை ஏலம் விட்டாக, நம்ம போடியில ஏலக்காயை விடுற மாதிரி. முதல் வருஷம் ராகேஷ் குமார் 12 லட்சத்து 80 ஆயிரத்துக்குப் போனாரு, அதுதான் உச்சம். 2022ல நம்ம தமிழ் தலைவாஸ் பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்குப் பிடிச்சுச்சு. முதல் மேட்சு. ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே முழங்கால் போச்சு, சீசன் பூராவும் வெளிய. அவருக்கு ஒப்பந்தம் இருந்துச்சு, டாக்டரு இருந்தாரு, மறு வருஷம் தெலுங்கு டைட்டன்ஸ் அதைவிடக் கூடக் குடுத்து எடுத்துச்சு. பக்கத்து ஊரு டோர்னமென்ட்டுல அடுத்தவன் பேருல ஆடுற உனக்கு முழங்கால் போனா என்ன இருக்கு? புத்தூர் கட்டு இருக்கு. உங்க அப்பத்தா வைக்கிற ஒத்தடம் இருக்கு.

அப்புறம் இந்த ஃப்ளெக்ஸ். 2025 அக்டோபர்ல பஹ்ரைன்ல ஆசிய இளையோர் போட்டியில கண்ணகி நகர் கார்த்திகாவும் வடுவூர் அபினேஷும் கபடித் தங்கம் வாங்கிட்டு வந்தாகல்ல, அரசாங்கம் ஆளுக்கு 25 லட்சம் குடுத்துச்சு. நல்லது. இன்னும் குடுத்திருக்கலாம்னு ஊரே சண்டை போட்டுச்சு, அதுவும் நல்லதுதான். நான் சொல்றது வாழ்த்துற கூட்டத்தை. யாராவது ஜெயிச்சா மறுநாளே ஊரெல்லாம் பேனரு. அதுல வாழ்த்துறவுக மூஞ்சி பூசணிக்காய் அளவு, ஜெயிச்சவன் மூஞ்சி மூலையில ரேஷன் கார்டு போட்டோ அளவு. 2021ல பி.வி. சிந்து டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல வெண்கலம் வாங்குனப்ப, கம்பெனிக்காரக சிந்து படத்தைப் போட்டு, தன் சரக்குப் பேரையும் போட்டு, வாழ்த்துகள்னு விளம்பரம் பண்ணிட்டாக. சிந்து தரப்பு சும்மா விடல. ஏறக்குறைய இருபது கம்பெனி மேல பாய்ஞ்சு, ஆளுக்கு 5 கோடி நஷ்டஈடு கேக்கப் போறோம்னாக. வாழ்த்துக்கே பில்லு! எனக்கு அந்தப் பிள்ளைய அன்னிலருந்து ரொம்பப் பிடிக்கும்.

மூஞ்சிக்குச் சட்டம் இருக்கான்னு கேக்குறியா? நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட்டே 2015ல ரஜினிகாந்த் வழக்குல சொல்லிருச்சு, பிரபலமானவரோட பேரையும் சாயலையும் அவரு சம்மதம் இல்லாம எடுத்துக்கிட்டுப் படம் காட்டக்கூடாதுன்னு. நீ ரஜினி இல்ல, தெரியும். சின்னமனூர் வரைக்குமாவது இருக்கியே.

இனி நான் சொல்றபடி செய். பி.டி. வாத்தியாருகிட்டப் போயி, சண்டை போடாம, கையக் கட்டிக்கிட்டு, ஐயா, நான் கடை திறக்கக்கூடாதுங்கிற ரூலை எழுத்துல குடுங்கன்னு கேளு. வாயில இருக்கிற ரூலு பேப்பருக்கு வர்றதுக்குள்ள பாதி செத்துப் போயிரும். உண்மையாவே எழுதுன ரூலு இருந்தா மதி, ஃப்ரீ சீட்டை ஐயாயிரத்துக்கு அடகு வைக்காத. இல்லைன்னா ரிப்பனை வெட்டு. காசை ஜிபேயிலயோ செக்காவோ வாங்கு, கவர்ல வாங்காத. கவர்ல வாங்குறவன் நாளைக்குத் தோர்ப்பு.

கேலோ இந்தியாவுல தேர்வானா மாசம் பத்தாயிரம் கைச்செலவுக்குத் தர்றாக. முதலமைச்சர் கோப்பையில தனி ஆளு போட்டிக்கு மாநில முதல் பரிசு லட்ச ரூபா. அரசாங்கமே காசு குடுத்தும் புனிதம் சாகல. உன் ஐயாயிரத்துலதானா சாகப் போகுது?

உன் தம்பிக்கும் சொல்லி வையி. அவனுக்குப் பதினேழுதான். பதினெட்டு ஆகாதவன் போடுற ஒப்பந்தம் செல்லாது, அவன்கிட்ட எவன் கையெழுத்துக் கேட்டாலும் உங்க அப்பனை முன்னால நிறுத்து. ‘உன்னைப் பெரிய ஆளாக்குறேன், அஞ்சு வருஷத்துக்கு எழுதிக் குடு’ன்னு மேனேஜருன்னு சொல்லிக்கிட்டு எவனாவது வருவான். எத்தனை சதவீதம், எந்த ஊரு கோர்ட்டு, அடிபட்டா யாரு செலவுன்னு மூணு கேள்வி கேளு. பாதிப் பேரு காப்பி குடிச்சுட்டு ஓடிருவான். காலேஜ் பஸ்ஸுல உன் படம் ஓடுதே, அதுக்கும் நீ சேரும்போது போட்ட ஏதாவது கையெழுத்து இருக்கான்னு தேடிப் பாரு. இருந்தா வாயைத் திறக்காத. இல்லைன்னா, டிகிரி சர்டிபிகேட் கையில வர்ற வரைக்கும் அப்பவும் வாயைத் திறக்காத. அதுக்கப்புறம் நானே வர்றேன்.

மிச்சம் வர்ற பத்திரம் எதுவா இருந்தாலும் உத்தமபாளையத்துல ஒரு வக்கீலுகிட்டக் காட்டாம கையெழுத்துப் போடாத. அவரு ஃபீஸ் கேப்பாரு. குடு. அவரு அமெச்சூர் இல்ல.